இரண்டு பூட்டுகளின் எடை

ஏழாம் வகுப்பு நோட்டுகளை மளமளவென்று திருத்திக்கொண்டு வந்த அறிவியல் டீச்சரின் சிவப்புப் பேனா, இருபத்து மூன்றாவது நோட்டில் நின்றுவிட்டது. லேசில் நிற்கிற பேனாவா அது! பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயரே 'சான்றெங்கே டீச்சர்'. எதை எழுதினாலும் முதலில் கூற்று, பிறகு சான்று, பிறகு அந்தச் சான்று கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற காரணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மார்க் அம்பேல். பெற்றோர் கையெழுத்து இல்லாத பக்கத்தைத் தொடவே மாட்டாள். இந்த முறை, வீட்டில் எதையாவது சில நாள் கவனித்து எழுதி வரச் சொல்லியிருந்தாள். எங்கள் பூனைக்கு என்னைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்று ஒருவன் அளந்துவிட்டிருந்தான். மூன்று நாள் ரொட்டிப் பூஞ்சையைப் பார்த்து எழுதியவனுக்கு முழு மார்க் போட்டிருந்தாள்.

இருபத்து மூன்றாவது நோட்டு, பூட்டு ரிப்பேர்காரரின் மகளுடையது. இருக்கிற இடம் தெரியாத பெண். 'கூற்று: என் அப்பாவுக்கு உடம்பு தேறவில்லை.' கீழே கட்டம் போட்டு ஏழு நாள் எடை. தினமும் காலையில் ஒரே நேரம், ஒரே உடுப்பு. பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டைகள் இரண்டு. மாடி ஏறும்போது மூச்சு வாங்க அப்பா நிற்கும் படி, பன்னிரண்டாவதிலிருந்து ஏழாவதுக்கு வந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அம்மாவும் சித்தப்பாவும் சொல்வதை 'சான்று இல்லாத கூற்று' என்று ஒதுக்கியிருந்தாள். அடியில் அப்பாவின் கையெழுத்து.

இடைவேளையில் அவளே வந்து மேஜையோரம் நின்றாள்.

"என்னுதுல தப்பு எங்கே டீச்சர்? எல்லார் நோட்டுலயும் கண்டுபிடிப்பீங்களே."

மார்க் கேட்டு வரவில்லை இவள், தப்பு கேட்டு வந்திருக்கிறாள். ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும், அப்பா பிழைத்துவிடுவார். டீச்சர் மேலும் கீழும் தேடினாள். ஒன்றுமில்லை. "ஏழு நாள் பத்தாதும்மா. இன்னும் ரெண்டு வாரம் எடு" என்று மனசறிந்து பொய் சொன்னாள். பெண்ணின் முகம் தெளிந்தது. அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நோட்டு வந்தது. கட்டம் இருபத்தொரு நாளாக நீண்டிருந்தது. எடை இறங்கிக்கொண்டே போய், பதினாறாம் நாள் திடீரென்று ஒன்றே முக்கால் கிலோ ஏறியிருந்தது. அதன் பிறகும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. அடியில் அப்பாவின் கையெழுத்து, முன்னைவிட அழுத்தமாக. அப்பாடா என்று டீச்சர் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

'பதினாறாம் நாளிலிருந்து உள்ள எடைகள் சரியில்லை. அப்பா குளிக்கப் போனபோது பேன்ட் பையைப் பார்த்தேன். இரண்டு பெரிய பூட்டு இருந்தது. பூட்டோடு ஒரு தடவை, பூட்டு இல்லாமல் ஒரு தடவை நானே மெஷினில் ஏறிக் கழித்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோ. காரணம்: நான் எழுதியது தப்பாகிவிட வேண்டும் என்று அப்பா நினைக்கிறார்.'

பெண் மேஜையோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்போ போதுமா டீச்சர்?"

"போதும்மா."

"இந்தப் பக்கத்துக்கு மட்டும் அப்பா கையெழுத்து வேண்டாமே."

டீச்சர் மார்க் எதுவும் போடவில்லை. 'பெற்றோர்' என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல் தன் பெயரை எழுதப் போனாள். சிவப்பு மை இறங்கவில்லை. காகிதத்தில் வெறும் கீறல்தான் விழுந்தது. பெண் தன் நீலப் பேனாவை, மூடியைக் கழற்றி நீட்டினாள்.