இரும்பு கூடாது

"இரும்பு கூடாதும்மா" என்றான் கனாய். மண்டியிட்டபடியே, வெள்ளைக் கையுறை போட்ட விரலால் சவப்பெட்டிக்குள் கிடந்த பேஸ் கிதாரைத் தொட்டும் தொடாமலும் காட்டினான். "இரும்பு, கண்ணாடி, பேட்டரி எதுவும் உலைக்குள்ள போகக் கூடாது. ஐயாவோட மூக்குக் கண்ணாடியையே நேத்து எடுத்து வச்சுட்டோம்."

ஈமக் கம்பெனியில் அவன் சேர்ந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை குனிந்து நிமிர்ந்தான்.

சிகெமி பெட்டிக்குள் கிடந்த அப்பா தொகுஜியைப் பார்த்தாள். கிதாரின் உடல் அவர் வயிற்றின் மேல் கிடந்தது. அதன் கழுத்து அவர் முகத்தைக் குறுக்கே மறைத்துக்கொண்டு போய் பெட்டியின் மூலையில் முட்டி நின்றது. இரும்பு ஒருபுறம் இருக்கட்டும், இதை வைத்தால் மூடியே மூடாது.

ஆனால் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இந்தக் கிதாரையும் தன்னோடு அனுப்ப வேண்டும்; ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டது இது ஒன்றைத்தான். தினமும் போன் பண்ணுகிறேன், புத்தாண்டுக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்று இதுவரை அப்பாவுக்கு அவள் கொடுத்த வாக்குகளெல்லாம் காற்றோடு போனவை. இதுவாவது நிற்க வேண்டும் என்று நினைத்தாள்.

"கழட்டிட்டா போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஃபுருஹதா மாமா. கறுப்புக் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தார். சாவு வீட்டுக்குத் திருப்புளியோடு வருகிற மனிதர் அவர் ஒருவர்தான்.

கிதார் தொழிற்சாலையில் துளை போடும் பிரிவில் அவரும் தொகுஜியும் பக்கத்துப் பக்கத்து டிரில் மெஷின். வாலிப வயதில் ஒரு நாள் ஃபுருஹதா, துளை விழ வேண்டிய இடத்தைக் காட்டும் அச்சுப் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டார். அன்று துளைத்த அத்தனை கிதாரும் கோணல். அதோடு தீர்ந்தது அவர் மானம். 'கோணக்கை' என்று பெயர் வைத்த தொகுஜி, அவருடைய கல்யாண விருந்தில் எழுந்து நின்று அந்தக் கதையைச் சொன்னார். வருஷா வருஷம் அனுப்பும் புத்தாண்டு அட்டையில் வாழ்த்துக்குக் கீழே கோணலாக இரண்டு புள்ளி வைப்பார். போன ஜனவரியிலும் வைத்திருந்தார்.

ஓய்வு பெற்றதும் தொகுஜி தன் கையாலேயே செய்துகொண்ட பேஸ் இது. வாசிக்கத் தெரியாது. சாயங்காலமானால் தடித்த கம்பியை ஒரு தடவை 'தும்' என்று தட்டிவிட்டு, சாப்பிட உட்காருவார்.

பழைய செய்தித்தாளை விரித்துக் கிதாரைக் கிடத்தினார்கள். கம்பிகள் போயின. முறுக்காணிகள் போயின. திருகாணிகள் வெண்ணெயில் செருகியவை போல வழுக்கிக்கொண்டு வந்தன.

"சோப்பு தடவி முடுக்கியிருக்கான்" என்றார் ஃபுருஹதா.

"என் குளிக்கிற சோப்பு" என்றாள் அம்மா நோபுயோ, தேநீர்த் தட்டோடு வந்தவள். "அதுல ஒண்ணாவது முழுசா கரைஞ்சு நான் பார்த்ததில்லை."

கழுத்து தனியே வந்தது. ஃபுருஹதா அதைக் கையில் எடை பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுக்குள்ள நீளத்துக்கும் இரும்புக் கம்பி ஓடுது. எடுக்கணும்னா பொளக்கணும்."

சிகெமி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப முடியாதா மாமா?"

"கழுத்து எதுக்குடீ?" என்றாள் அம்மா. "அவருக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. உடம்பு மட்டும் போகட்டும்."

கனாய் வாசலை எட்டிப் பார்த்தான். "வண்டி வந்துடும்மா..."

கடைசியாக மிஞ்சியது, கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜ் தகடு. ஐந்து திருகாணி. ஃபுருஹதா தகட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். சட்டைப் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

தகட்டுக்கு அடியில் இரண்டு வரிசைத் துளைகள் இருந்தன. ஒன்று இப்போது திருகாணி வந்த வரிசை. இன்னொன்று ஒரு அரிசி அகலம் தள்ளி, கோணலாக. அந்த ஐந்து துளையிலும் பல்குச்சியை அடித்து இறக்கி, வழவழவென்று சீவி, மேலே தகட்டைப் போட்டு மூடியிருந்தார் தொகுஜி.

"சிகெமி, நீ பாரு. என் கண்ணு சரியில்லையா?"

"கோணல்தான் மாமா."

"கோணலா?"

"நல்ல கோணல்."

"ஓ, அதுவா" என்று அம்மா தேநீர் ஊற்றினாள். "துளைச்ச அன்னிக்கு ராத்திரி மனுஷன் தூங்கவே இல்லை. யார்கிட்ட வேணா சொல்லு, ஃபுருஹதாகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கால்ல விழாத குறையா கெஞ்சினார். பல்குச்சி வாங்கிட்டு வந்தவளே நான்தான்."

ஃபுருஹதா எழுந்து பெட்டியிடம் போனார். பலகையில் பட்டென்று ஒரு அடி அடித்தார். கனாய் பதறி முன்னால் வந்தான்.

"டேய்! எந்திரிடா! என் கல்யாணத்துலடா சொன்னே! என் மாமனார் முன்னாடி! எந்திரிச்சு இப்ப பதில் சொல்லுடா, கோணக்கைப் பயலே!"

சொல்லிக்கொண்டே சிரித்தார். சிகெமியும் சிரித்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எங்கே நின்றது என்று தெரியாமல் ஃபுருஹதாவின் சிரிப்பு அழுகையாக மாறியிருந்தது. "ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருக்கக் கூடாதா?" என்று பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஒரே ஒரு வாரம் உன்னைக் கிண்டல் பண்ணியிருப்பேனே."

வண்டி வந்தது. கிதாரின் உடலைத் தொகுஜியின் கைக்குக் கீழே வைத்தார்கள். மூடி மூடிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது சிகெமிக்கு.

மதியம், எரியூட்டும் கூடத்தில் சூடு தணிந்த தட்டைச் சுற்றி நின்றார்கள். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து குச்சிகளால் எலும்பை எடுத்துக் கலசத்தில் இட வேண்டும். சிகெமிக்கு ஜோடி ஃபுருஹதா. கால் எலும்பு முடிந்து இடுப்புப் பக்கம் வந்தபோது, வெள்ளைச் சாம்பலுக்கு நடுவே கறுப்பாக ஏதோ நின்றது. கனாயின் முகம் வெளிறியது.

"எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களேம்மா?"

ஃபுருஹதா மூக்கு படும்படி குனிந்தார். "தலை இல்லாத திருகாணி" என்றார் மெதுவாக. "முடுக்கும்போது தலை முறிஞ்சு உள்ளயே நின்னிருக்கு. மேல மரத்தூளும் பசையும் வச்சுப் பூசி, பாலிஷ் போட்டு மறைச்சிருப்பான், அதான் நம்ம கண்ணுல படலை. இது நோபுயோவுக்கும் தெரியாது."

அம்மா தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாதுதான்.

கூடத்து ஊழியர் ஒரு தகரப் பெட்டியை நீட்டினார். "உலோகமெல்லாம் இதுல போட்டுடுங்க."

சிகெமி தன் குச்சிகளால் ஒரு முனையைப் பிடித்தாள். ஃபுருஹதா மறுமுனையைப் பிடித்தார். அவர் பிடி சரியாகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு இருவரும் தகரப் பெட்டியைத் தாண்டி, கலசத்தின் வாய்க்கு நேராக அதைக் கொண்டுபோனார்கள். ஊழியர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

உள்ளே 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.