மேற்கே சாய்ந்த கடல்

2022ஆம் ஆண்டு பங்குனி மாதம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவிலுள்ள கடல் இந்தியப் பக்கமாகச் சாய்ந்தது. முதல் கிழமை யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைகளில் பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கான வரிசை இறங்குதுறை வரை நீண்டுவிட்டது, கடல் சாய்ந்துவிட்டது. மூன்றையும் சனங்கள் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடலுக்கு அது பழைய வழக்கம். எந்தக் கரையில் உலை நன்றாகக் கொதிக்கிறதோ அந்தக் கரைப் பக்கம் தாழ்ந்துவிடும். தாழ்ந்த பக்கம் போவது சுலபம், திரும்பி ஏறுவதுதான் பாடு.

யோசேப்புக்கு இது புதிதல்ல. இந்தியக் கரையில் தங்கச்சிமடத்தில் பிறந்த அவர் இந்தக் கரைக்கு வந்ததே அப்படி ஒரு சாய்வில்தான். 1957இல் கடல் இலங்கைப் பக்கம் தாழ்ந்து கிடந்தது. இங்கே கூப்பனுக்கு அரிசி கிடைத்தது, ஆசுபத்திரியில் காசில்லாமல் மருந்து கொடுத்தார்கள். அங்கே மழை பொய்த்துக் கண்மாய்கள் வெடித்திருந்தன. மீசை அரும்பிய யோசேப்பு வள்ளத்தில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார், துடுப்பைத் தொடாமலே மன்னார்க் கரையில் வந்து முட்டினார். தம்பி பேதுரு ஏறவில்லை, தாயுடன் நின்றுவிட்டான். யோசேப்பு அவனுக்கு வாசனைச் சவுக்காரமும் தேங்காயெண்ணெயும் அனுப்பினார், கூடவே தன் நாட்டைப் பற்றிய பெருமையையும். எழுபதுகளில் இங்கே பாண் ரொட்டிக்கு வரிசை வந்தது. அங்கேயும் அரிசிக்குத் தட்டுப்பாடு. எந்தப் பக்கம் சாய்வதென்று கடலுக்கே பிடிபடாமல் சில வருடம் தொட்டில் போல ஆடியது. காலையில் அங்கிருந்து சேலை வழுக்கி வந்தது, பின்னேரம் இங்கிருந்து சவுக்காரம் வழுக்கிப் போனது. பிறகு கொழும்பில் யப்பான் ரேடியோக்கள் வந்து குவிந்தபோது மறுபடி இந்தப் பக்கம் தாழ்ந்து, சண்டை முற்றிய 1990இல் சட்டியைக் கவிழ்த்தது போல மறுபக்கம் சரிந்தது.

அந்தச் சரிவில் யோசேப்பு மனைவியோடும் சிறுமியாயிருந்த மகள் பெற்றிசியாவோடும் மண்டபம் முகாமில் போய் விழுந்தார். பிறந்த மண்ணிலேயே அவரை இலங்கை அகதி என்று பதிந்தார்கள். பேதுரு ஒரு பானைச் சோற்றோடு முகாம் வாசலுக்கு வந்து, "இப்பச் சொல்லு, எந்த ஊரு நல்ல ஊரு?" என்று கேட்டான். அவன் கேலியாகத்தான் கேட்டான், கண் கலங்கியிருந்தது. ஆனால் யோசேப்பு அந்தச் சோற்றை மனைவிக்கும் மகளுக்கும் போட்டுக் கொடுத்தார், தான் தொடவில்லை. அங்கே அரிசி தந்தார்கள், மருந்து தந்தார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தந்தார்கள். தலை எண்ண வரும் நாளில் மட்டும் வரிசையில் நிற்க வேண்டும், வெளியே போக அனுமதி கேட்க வேண்டும். இந்தக் கரையில் அவரைக் கள்ளத்தோணி என்றவர்களும், அந்தக் கரையில் அகதி என்றவர்களும் ஒரே தமிழில்தான் சொன்னார்கள். மனைவியை அங்கேயே அடக்கம் பண்ணினார். சண்டை ஓய்ந்து, இலங்கை ஆளின் வருமானம் இந்திய ஆளின் வருமானத்தைத் தாண்டிவிட்டதென்று பத்திரிகைகள் எழுதிய காலத்தில் கடல் கிழக்கே மெல்லத் தாழ்ந்தது. யோசேப்பு மகளைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாருக்குத் திரும்பினார். கரையிலே பலகையாலும் தகரத்தாலும் ஒரு வீடு கட்டினார். இனி எந்தச் சாய்வுக்கும் சரிவதில்லை என்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியம் செய்தார்.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மகள் பெற்றிசியாவும் மருமகன் கிறகரியும் அவர்களுடைய கைக்குழந்தையும் அதே வீட்டில் இருந்தார்கள். கிறகரியின் வள்ளத்து இயந்திரத்துக்கு மாதக்கணக்காக எண்ணெய் இல்லை. பங்குனி முடிவதற்குள் சாய்வு தரைக்கும் ஏறிவிட்டது. அடுப்பில் வைத்த தண்ணீர் பானையின் மேற்கு விளிம்பால் வழிந்தது. கோழிகள் மேற்குச் சுவரோரம் குவிந்து கிடந்தன. சனங்கள் கட்டில் கால்களுக்கு முட்டுக்கொடுத்துப் படுத்தார்கள். பெற்றிசியாவுக்குச் சாப்பாடு குறைந்து பால் வற்றியது. குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீரைப் பருக்கினாள், அது வயிற்றில் தங்கவில்லை. அழுகிற சத்தம் நாளுக்கு நாள் மெலிந்து வந்தது, அதுதான் வீட்டிலிருந்த எல்லாருக்கும் பயம்.

"அங்காலை போவம் அப்பா," என்றாள் பெற்றிசியா. "பேதுரு சித்தப்பாவின்ரை மகன் போனிலை கடையைக் காட்டினவன். பால்மா அடுக்கி வைச்சிருக்கு."

"அடுக்கித்தான் வைச்சிருப்பாங்கள். நீ அந்த முகாமிலை வளந்தனி. உன்ரை பிள்ளையும் தலை எண்ண நிக்க வேணுமோ?"

"எண்ணுறதுக்குத் தலை மிஞ்ச வேணுமே, அப்பா."

 தான் வரப்போவதில்லை என்பதை யோசேப்பு மேற்கே முகம் கொடுக்காமல் உட்கார்ந்து காட்டினார்.

போவதென்றாலும் லேசில் போக முடியாது. இந்த முறை சாய்வு அத்தனை செங்குத்து. முந்திய கிழமை வேறொரு துறையிலிருந்து அவிழ்த்துவிட்ட வள்ளம் நடுக்கடலுக்குப் பின் வேகம் பிடித்து, இராமர் அணையின் தீடை என்கிற மணல் திட்டில் மோதிச் சிதறியது. இரண்டு பேருடைய உடல் கரை சேரவேயில்லை. வள்ளத்தைப் பின்னாலிருந்து கயிற்றால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவேண்டும் என்று கிறகரி சொன்னான். வலைச்சாமான் கடை வஸீர் தன்னிடமிருந்த கயிறு முழுவதையும் உருட்டிக்கொண்டு வந்து போட்டார். கிணற்றுக் கயிறுகள் வந்தன, மாட்டுக் கயிறுகள் வந்தன, கோயில் மணிக்கயிற்றைச் சுவாமியாரே அவிழ்த்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிந்து பார்த்தபோது கடற்கரையில் ஒரு குன்று போல நின்றது. அது போதுமா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம் வள்ளத்தைத் தள்ளினார்கள். பனங்குற்றியில் கயிற்றைச் சுற்றி, ஊர் ஆண்கள் பிடித்து விட்டுக்கொடுத்தார்கள். பெற்றிசியா தகப்பனைப் பார்த்தபடி வள்ளத்தின் வால்பக்கம், பின்னணியத்தில் இருந்தாள். அவர் வீட்டு வாசலில் நின்றார், கை காட்டவில்லை. வள்ளம் சிறுத்தது, புள்ளியாயிற்று, மறைந்தது. கயிறு மட்டும் கடலுக்குள் இழுபட்டுக்கொண்டே போனது. குற்றி புகைந்தது, தண்ணீர் ஊற்றினார்கள். பிடித்தவர்களின் உள்ளங்கை உரிந்தது. மத்தியானம் தாண்டியபோது குன்று கரைந்து, கயிற்றின் முனை வஸீரின் கையில் இருந்தது.

வள்ளத்திலிருந்து கிறகரி யோசேப்புக்குப் போன் எடுத்தான். குழந்தையின் சத்தம் முதலில் கேட்டது.

"மாமா, கீழை தீடை தெரியுது. இதிலைதான் சரிவு கூட. வள்ளம் தலைகீழாத் தொங்குது. இன்னும் கயிறு விடுங்கோ."

"இல்லைத் தம்பி. முடிஞ்சுது."

"அப்ப இழுங்கோ."

இழுத்துப் பார்த்தார்கள். சாய்வுக்கு எதிராக ஒரு முழம் கூட வரவில்லை. ஒருவன் மயங்கி விழுந்தான், இன்னொருவன் பிடி வழுக்கி மணலில் உருண்டான். மிஞ்சியவர்கள் குதிக்காலை மணலில் புதைத்துக்கொண்டு கடலை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். விட்டால் வள்ளம் சிதறும். விடாமலும் வெகுநேரம் நிற்க முடியாது.

யோசேப்பு வாசலிலிருந்து இறங்கி வந்தார். "வஸீர், அதைக் கொண்டு வந்து என்ரை வீட்டிலை கட்டு."

வஸீர் திகைத்துப் போனார். "அண்ணன், வீடு இழுபட்டுப் போயிடும்."

"போகத்தான் வேணும். வீடு மெள்ள அரைஞ்சு இழுபட்டுப் போகும். அதுக்குப் பின்னாலை வள்ளமும் மெள்ள இறங்கும். நடுக்கப்பிலை கட்டு, இறுக்கிக் கட்டு."

கட்டினார்கள். பலகைகள் முனகின. யோசேப்பு படியேறி உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தார். இறங்கி வரும்படி வஸீர் கத்தினார்.

"வெறும் வீட்டுக்குப் பாரம் காணாது," என்றார் யோசேப்பு.  கண்ணை மூடிக்கொண்டு, செய்த சத்தியத்தை மன்னிக்கும்படி தேவமாதாவிடம் கேட்டார். பிறகு, "கையை விடுங்கோ," என்றார்.

வீட்டைத் தாங்கிய கப்புத் தூண்கள் மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குப்பட்டன. வீடு கோழிகளோடும் சட்டி பானைகளோடும் கடற்கரையில் ஓர் அகலமான தடத்தைக் கீறிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. மிதந்தது என்று சொல்ல முடியாது. அரைவாசி மூழ்கி, கிழவனின் பிடிவாதத்தோடு, தண்ணீரை உழுதுகொண்டு போனது. தண்ணீர் யோசேப்பின் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கயிற்றின் மறு முனையில் மகள் இருக்கிறாள் என்பது கப்பின் அதிர்வில் அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. சரிவு கூடக் கூட அதிர்வும் கூடியது. ஒரு தரம் கப்பு வெடித்த சத்தம் கேட்டது. அவர் எழும்பி அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார், கட்டிப்பிடித்தபடியே மிச்சத் தூரமும் போனார். பொழுது சாயும்போது வீடு ஒரு மணல் தீடையில் ஏறி, லேசாகக் குலுங்கி நின்றது. அதற்குச் சற்றுமுன் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக் கரையில் வள்ளம் மெத்தையில் வைத்தது போல இறங்கியிருந்தது. மீனவப் பெண் ஒருத்தி குழந்தையை வாங்கித் தன் மார்பில் போட்டாள். அது குடித்தது.

இரண்டு நாட்டுக் கடற்படைகளும் மறுநாள் தீடைக்கு வந்தன. ஒருவர் சிங்களத்தில் கேட்டார், மற்றவர் இந்தியில் கேட்டார். யோசேப்பு இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார், சீனி இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டார். வீடு எந்த நாட்டுக்குள் நிற்கிறது என்று இரு பகுதியும் வரைபடத்தைப் பார்த்தன. அதில் அந்தத் தீடை இருக்கவில்லை. ஒவ்வொரு காற்றுக்கும் இடம் மாறுகிற மணலை யாரும் கீறி வைப்பதில்லை. பேசி முடிக்கும்வரை இருக்கட்டும் என்று போய்விட்டார்கள்.

இந்தியாவிலிருந்து இலங்கைக்கு அரிசியும் பால்மாவும் கப்பலில் வந்தன. பிறகு மண்ணெண்ணெய் வந்தது. விலை இறங்காவிட்டாலும் சாமான்கள் கடைகளில் கிடைத்தன. அடுத்த வருடம் மாரிக்குள் கடல் மெல்ல நிமிர்ந்தது. மறுபடி மண்டபத்தில் பதியப்பட்ட பெற்றிசியாவின் குடும்பத்தை முகாமிலிருந்து ஒரு நாள் போய்வர விட்டபோது, கிறகரி வள்ளத்தை வலித்துக்கொண்டு தீடைக்கு வந்தான். குழந்தை நடக்கப் பழகியிருந்தது. மணலில் இறக்கிவிட்டதும் ஓடிப் போய் யோசேப்பின் காலைப் பிடித்தது.

"அப்பா, தலைமன்னாருக்குத் திரும்பிப் போவமோ? அல்லாட்டி நீங்கள் எங்களோடை அங்காலை வாறியளோ?" என்று பெற்றிசியா கேட்டாள்.

யோசேப்பு கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். "இருந்து பார், பிள்ளை. இதிலை தரை ஒரு பக்கமும் சாயேல்லை."

அவர்கள் இருந்து பார்த்தார்கள். முகாமில் அவர்களைத் தேடினார்கள், இருக்குமிடம் தெரிந்ததும் பெயரை வெட்டிவிட்டார்கள். கிறகரி பக்கத்தில் இன்னோர் அறை இறக்கினான். அடுத்த காற்றுக் காலத்தில் மன்னார்ப் பக்கத்து முள்ளிக்குளத்திலிருந்து ஒரு குடும்பமும், தங்கச்சிமடத்திலிருந்து ஒரு குடும்பமும் வந்து வீடு போட்டன. தண்ணீர் இரு கரையிலிருந்தும் பீப்பாயில் வருகிறது. மீனை விலை நல்ல பக்கம் கொண்டுபோய் விற்கிறார்கள். மின்சாரம் மட்டும் இன்னும் வரவில்லை. எந்த நாடு கம்பி இழுப்பது என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.