டெல்மர் விழுந்த இடம்

மாத்தளை டவுனில் ஸுஹைலின் சரக்குக் கடைக்கு மிளகோ கிராம்போ வாங்க வருகிறவர்களுக்கு ஒரு விரிவுரையும் இலவசமாகக் கிடைக்கும். நூறு கிராம் ஏலக்காய் கேட்டவர், சித்திரக்கதையில் சோகத்தின் இடம் என்ன என்பதைப் பத்து நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க முடியும். கேட்பவரின் கண் பஸ்ஸைத் தேடுவதையெல்லாம் ஸுஹைல் கவனிப்பதில்லை. சரக்கைக் கட்டிக்கொண்டே பேசுவார். பழைய சஞ்சிகையை எடுத்துக் கடைசித் தாளைச் சரக்கென்று கிழித்து, கூம்பாகச் சுற்றி, மிளகைக் கொட்டி மடித்துக் கொடுப்பார். கிழிப்பது எப்போதும் பின்னாலிருந்துதான். கடைசித் தாளில் விளம்பரம் தவிர ஒன்றும் இராது, அட்டையோ தடிப்பு, சுற்ற வராது என்பது அவருடைய வாப்பா போட்டுவிட்டுப் போன கடைச் சட்டம்.

நாற்பத்தாறு வயது, சீனி வியாதி, அரை வழுக்கை. இத்தனை இருந்தும் மனிதர் தன்னை ஆய்வாளர் என்றே நம்பினார். நாற்பத்தொரு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு அவர்தான் தலைவர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் 'நானா'. காமிக்ஸ், பேய்ப் படம், விண்வெளிப் படம் என்று எதைப் பற்றிச் சண்டை வந்தாலும் கடைசித் தீர்ப்பு ஸுஹைலுடையது. அவர் தீர்ப்புச் சொன்னதும் பல்லேபொலயில் திரீவீலர் ஓட்டும் றம்ஸி ஒரு கட்டைவிரலைப் போடுவான். அத்தோடு வழக்கு முடிந்தது.

அந்த மதிப்பெல்லாம் ஒரே புத்தகத்தால் வந்தது. சென்னையிலிருந்து எப்போதோ வந்துகொண்டிருந்த 'நீலத்தொப்பி டெல்மர்' வரிசையின் கடைசி இதழ் அது. குழுவில் அவரைத் தவிர யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் வில்லன் கயிற்றை அறுக்கிறான். டெல்மர் பள்ளத்தாக்கில் விழுகிறான். நீலத்தொப்பி மட்டும் காற்றில் மிதக்கிறது. அவ்வளவுதான் கதை. ஒரு வார்த்தை இல்லை, முற்றும் என்றுகூட இல்லை. பதினொரு வயதில் அதைப் படித்துவிட்டு ஸுஹைல் மூன்று நாள் அழுதார். வளர்ந்த பிறகு அந்த அழுகைக்கு 'முடிவைச் சொல்லாமல் விடும் உன்னதக் கலை' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு நிற்காமல் 'மிதக்கும் தொப்பி' என்று ஓர் ஆய்வு நூலும் எழுதி, முந்நூறு பிரதி அச்சடித்துவிட்டார். ஞாயிறு பத்து மணிக்குக் கடை மாடியில் வெளியீடு.

வியாழக்கிழமை குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதினாள். பெயர் தர்ஷிகா, எல்கடுவ தோட்டத்துப் பிள்ளை, தபால் கந்தோரில் வேலை.

"நானா, டெல்மர் சாகலீங்களே. எங்க அப்பாகிட்ட அந்தப் புத்தகம் இருக்கு. தொண்ணூத்தாறு பக்கம்."

றம்ஸியின் கட்டைவிரல்கூட வரவில்லை.

ஸுஹைலுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. யாரோ ஒட்டுப் போட்ட பிரதி, கலையை விளங்காதவர்கள் செய்த வேலை என்று நீளமாக எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. 'புத்தகத்தைக் கொண்டு வாங்க தங்கச்சி. நான் சொன்னது பிழையென்றால் என் முந்நூறு பிரதியிலும் மிளகு கட்டிக் கொடுக்கிறேன்' என்று சபதமும் போட்டார். அதற்கு நாற்பது பேரும் கட்டைவிரல் போட்டார்கள்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"யாரோ ஒரு தொப்பிக்காரன் செத்தானா பொழைச்சானான்னு நீங்க பட்டினி கிடக்கிறீங்களே, சீனி மருந்து வேற போடுறீங்க, மயங்கி விழுந்தா நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?" என்றாள் மனைவி ஆதிபா.

"ஒனக்கு இதெல்லாம் விளங்காது" என்றார். தனக்கும் விளங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே தர்ஷிகா கடைக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை.

"யாரும் வாறதுக்கு முந்தி ஒங்ககிட்ட காட்டணும்னுதான் நானா முதல் பஸ்ல வந்தேன். பார்த்துட்டு நீங்க வேணாம்னு சொன்னா, பையிலேயே வச்சிக்கிட்டுப் போயிருவேன். பிழை என்னோடதுன்னு குழுவிலயும் போட்டுர்றேன்."

இப்படி ஓர் எதிரி வாய்த்தால் மனிதர் என்னதான் செய்வது! ஸுஹைல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். ஒட்டுப் போட்டதற்கான அடையாளத்தைத் தேடினார். இல்லை. தைத்த கம்பி துருப்பிடித்து அப்படியே இருந்தது. தொண்ணூற்று நான்கில் தொப்பி மிதந்தது. தாளைத் திருப்பினார்.

தொண்ணூற்று ஐந்தாம் பக்கத்தில் டெல்மர் ஒரு வைக்கோல் வண்டியின் மேல் பொத்தென்று விழுந்து, எழுந்து, உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, 'என் தொப்பி எங்கே?' என்று கேட்டான். கீழே பெரிதாக 'முற்றும்'.

வைக்கோல் வண்டி! இருநூறு பக்க ஆய்வு, மூன்று அத்தியாயத்தில் அழகியல், அத்தனையும் ஒரு மாட்டுத் தீனியில் போய் விழுந்துவிட்டது. தன்னுடைய பிரதிக்கு என்ன ஆனது என்று அவர் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மேசையில் கடைசித் தாள் கிழிந்த சஞ்சிகைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அந்தக் காலத்தில் தபால்காரர் புத்தகத்தைக் கடையில்தான் கொடுப்பார். மகன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எவரோ மிளகு கேட்டிருக்கிறார். வாப்பா சட்டப்படி நடந்திருக்கிறார்.

"அடுத்த பக்கத்தையும் பாருங்க நானா" என்றாள் தர்ஷிகா, மெதுவாக.

தொண்ணூற்று ஆறு, வாசகர் கடிதம். நடுவில் ஒரு சின்னக் கட்டம்.

'அன்புள்ள ஆசிரியர் ஐயா, போன இதழில் டெல்மர் மாட்டிக்கொண்டார். அவர் செத்தால் நான் சோறு தின்னமாட்டேன். தயவுசெய்து அவரைக் காப்பாற்றவும். எம். ஸுஹைல், ஐந்தாம் ஆண்டு, மாத்தளை, இலங்கை.'

அதன் கீழே ஆசிரியரின் பதில்: 'தம்பி ஸுஹைல், முந்திய பக்கத்தைப் பாருங்கள். டெல்மர் சுகமாக இருக்கிறார். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள்.'

அந்தக் கடிதத்தை அவர் மறந்தே போயிருந்தார். மறக்கவில்லை, குப்பையில் போட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டி உள்ளே புதைத்துவிட்டிருந்தார். கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்கையும் துடைத்தார்.

"சின்ன வயசில இதைத்தான் நானா திருப்பித் திருப்பி வாசிப்பேன்" என்றாள் அவள். "நம்ம மாத்தளைப் பேரு அச்சுல வந்திருக்கேன்னு. அந்தத் தம்பி சாப்பிட்டானா இல்லையான்னு அப்பாகிட்ட கேட்பேன். குழுவில ஒங்க பேரைக் கண்டதும்தான் சேர்ந்தேன்."

மாடிப்படியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. "நானா, கூட்டம் வந்திருச்சி, வாங்க!" என்று றம்ஸி கூவினான். தர்ஷிகா பையின் வாயைத் திறந்து பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை அதற்குள் போட்டால் போதும். ஆய்வாளர் ஆய்வாளராகவே இருக்கலாம்.

ஸுஹைல் புத்தகத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மேலே போனார். வந்திருந்த பத்தொன்பது பேருக்கு முன்னால் நின்று தொண்ணூற்று ஐந்தாம் பக்கத்தை விரித்துக் காட்டினார். பிறகு அந்தக் கடிதத்தை உரக்க வாசித்தார். 'சோறு தின்னமாட்டேன்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. சபை கூரை அதிரச் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

"அப்ப மிளகு?" என்றான் றம்ஸி. விசுவாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

எல்லோரும் கீழே இறங்கினார்கள். ஸுஹைல் 'மிதக்கும் தொப்பி'யில் ஒரு பிரதியை எடுத்தார். பழக்கத்தில் விரல் பின்னட்டைக்குப் போனது. நிறுத்தினார். புத்தகத்தைத் திருப்பி, 'ஆய்வாளர் எம். ஸுஹைல்' என்று போட்டிருந்த முதல் தாளைக் கிழித்தார். கூம்பாகச் சுற்றி மிளகை நிரப்பித் தர்ஷிகாவிடம் கொடுத்தார்.

பிறகு கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுப் பக்கம் திரும்பி, "ஆதிபா, சோறு போடு" என்றார்.

"மணி பத்தரைதானே ஆகுது?"

"ஆசிரியர் சொல்லிட்டாரு" என்றார் ஸுஹைல்.