பத்தில் ஒருவர்

அகராதி தயாராகும் அந்த அலுவலகத்தில் பிழை திருத்துபவர்கள் பத்துப் பேர். அவர்களில் இருவர் கூடப் பிறந்தவர்கள். அண்ணனுக்குக் கண்ணில் புரை. ஒரு வருடமாக அவர் பார்த்த பக்கங்களைத் தம்பி யாருக்கும் தெரியாமல் மறுபடி பார்த்துக் கொடுத்து வந்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்ததும் அவன் மட்டும்தான். நாள் முழுக்கத் தப்புக் கண்டுபிடிப்பவர்களிடம் எதை மறைக்க முடியும்?

அன்று காலை தம்பிக்கு வந்த தாளில் 'டெசிமேட்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. பெருமளவில் அழித்தல் என்று பொருள். கீழே பொடி எழுத்தில் அதன் வேர்: லத்தீனில் 'டெசெம்' என்றால் பத்து. படை பயந்து பின்வாங்கினால், ரோமானியத் தளபதி வீரர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துச் சீட்டுப் போடச் சொல்வானாம். சீட்டு விழுந்தவனை மற்ற ஒன்பது பேரும் அடித்தே கொல்ல வேண்டும். தளபதி கையில் ரத்தம் படாது, நல்ல ஏற்பாடு. தம்பி ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனான்.

பதினொரு மணிக்கு மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஒருத்தரக் குறைக்கணும். யாருன்னு நான் சொன்னா நல்லா இருக்காது. ஆளுக்கொரு சீட்டுல நீங்களே பேர எழுதிப் போட்டுடுங்க. ரகசியமாத்தான்."

கடைசியாகச் சேர்ந்தவன் தம்பிதான். அண்ணன் பேர் வரவில்லையென்றால் அவன் தலைதான் உருளும். அண்ணனையோ எல்லோருக்கும் பிடிக்கும். இரக்கப்பட்டு நாலைந்து பேர் அவரை விட்டுவிட்டால்? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன, அண்ணன் தனிக்கட்டை என்று மனசு வக்காலத்து வாங்கியது. கையெழுத்தைக் கோணலாக மாற்றி, அண்ணன் பேரை எழுதிப் போட்டான். பாவி.

மேலாளர் சீட்டுகளைப் பிரித்தார்.

"பத்தும் ஒரே பேரு. பரவாயில்லையே, சண்ட சச்சரவு இல்லாம முடிஞ்சுது."

பத்து என்று கேட்டதும் தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

அண்ணன் சீட்டுகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்துப் பார்த்தார். அத்தனை கையெழுத்தும் அவருக்கு அத்துப்படி. கோணலாக இருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் இவனால் தாங்க முடியவில்லை.

"உன் வேல போயிடக் கூடாதுன்னு நானே என் பேரத்தான் எழுதிப் போட்டேன்," என்றார் மெதுவாக. "நீயும் எழுதணுமாடா?"