பொலிவியாவின் கடற்கரை

'பொலிவியா: பயணிகளுக்கான அடிப்படைத் தகவல்கள்' என்ற ஒற்றைத் தாளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே போய் வாங்கிக்கொண்டேன். லா பாஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தகவல் அலுவலகத்தில் ஆறு வருடமாக நான் தற்காலிக ஊழியர்.

"இந்தத் தாளை ஒழுங்கா முடிச்சுக் குடு நீவெஸ். உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நானே மேலிடத்துக்கு எழுதறேன்" என்று மேலதிகாரி தோன் எலியோதோரோ வாக்குக் கொடுத்திருந்தார்.

உயரம் எழுதினேன்: மூவாயிரத்து அறுநூறு மீட்டர், முதல் நாள் மெதுவாக நடக்கவும். பணம்: பொலிவியானோ, கிழிந்த நோட்டை வாங்க வேண்டாம். தலைநகர்: சுக்ரே, ஆனால் அரசாங்கம் இருப்பது லா பாஸில். இந்த வரிக்கே இரண்டு வாரம் சண்டை நடந்தது. கடைசி வரி, கடற்கரை: இல்லை.

பத்து மணிக்கு இறைச்சி அடைத்த சால்தேன்யா தின்றுகொண்டே படித்த தோன் எலியோதோரோவுக்கு அந்த வரியில் புரையேறியது. உள்ளே இருந்த இறைச்சிச் சாறு சட்டையெல்லாம் வழிந்தது.

"ஏம்மா, உனக்கு வெட்கமா இல்லே? இல்லைன்னு எழுதியிருக்கே!"

"இல்லைதானே தோன் எலியோ? சிலிக்காரன் சண்டை போட்டுப் பிடுங்கி நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு."

"பிடுங்கினது வேற, இல்லாதது வேற. உன் தம்பி எங்கே வேலை பாக்கறான்?"

"கடற்படையில."

"கடல் இல்லாத நாட்டுக்குக் கடற்படை எதுக்கு? சொல்லு பாப்போம்!"

அதைத்தான் என் தம்பியும் கேட்கிறான் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் தித்திகாகா ஏரியில் படகு ஓட்டுகிறான். கடலை டிவியில்தான் பார்த்திருக்கிறான். ஆனால் என் பிழைப்பு இந்த மனிதர் கையில் இருந்தது.

"இப்போதைக்கு இல்லைன்னு போடு" என்றார்.

போட்டுத் தொலைத்தேன். வீட்டுக்குப் போய்ப் புலம்பித் தீர்த்தேன். பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா!

மார்ச் இருபத்து மூன்று, பறிபோன கடலை நாடே நினைத்துக்கொள்ளும் கடல் நாள். தெருவெல்லாம் பாண்டு வாத்தியம், வெள்ளைச் சீருடை அணிவகுப்பு. தாள் அன்றுதான் வெளியானது. முதலில் எடுத்தவர் ஒரு நெட்டை வெளிநாட்டுக்காரர். படித்தார், சிரித்தார்.

"இந்த 'இப்போதைக்கு' எப்ப ஆரம்பிச்சதுங்க?"

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொம்பதுல."

இன்னும் உரக்கச் சிரித்தார். "அட, அப்போ இல்லைன்னே எழுதிடலாமே!"

நான் முதலில் எழுதிய அதே சொல். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"யாருங்க சொன்னது இல்லைன்னு? என் தம்பி தினம் காலையில வெள்ளை உடுப்பை மாட்டிக்கிட்டுப் போய் நிக்கறானே, அவன் என்ன பைத்தியமா? இப்போதைக்குன்னா இப்போதைக்குத்தான்! அதுக்கு இத்தனை வருஷம்னு கணக்குக் கிடையாது. காத்திருக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது புரியும்!"

மனிதர் முகம் சுண்டிப்போய் வெளியேறினார். திரும்பினால், பின்னால் தோன் எலியோதோரோ. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், கண் நிறைய நீர்.

"என் வயித்துல பாலை வார்த்தே மகளே" என்று என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். மேலிடத்துப் பதில் வந்துவிட்டது.

அங்கேயே பிரித்தேன். என் பெயர், ஆறு வருடப் பணி, எல்லாம் சரியாகவே இருந்தது. கீழே ஒரே வரி.

நிரந்தரப் பணியிடம்: இப்போதைக்கு இல்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். தோன் எலியோதோரோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு காலையிலேருந்து தவிச்சுக்கிட்டிருந்தேன்மா" என்றார். "நல்லவேளை, நீயே அழகாச் சொல்லிட்டே."