எதிரில் நிற்பவர்

அமரர் ஊர்தி செவிலிமேட்டுத் தெருவுக்குள் திரும்பியபோதே வாசலில் பந்தல் போட்டிருப்பதைத் தேவகி பார்த்துவிட்டாள். இறந்துபோன சிவராஜ் சாருக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். கேட்டின் இருபுறமும் குலை தள்ளிய வாழைமரங்களைக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான், மறுநாள் வீட்டுக்காரர் மகள் அபிநயாவுக்கு நிச்சயதார்த்தம் என்பது நினைவுக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தபோது சாரே சொல்லியிருந்தார்.

சிவராஜ் சார் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாடகமும் தொடர்பியலும் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு மனைவியும் போய்ச் சேர, பிள்ளைகள் இல்லாத மனிதர், பிறந்த ஊரான காஞ்சிபுரத்துக்கே வந்து தணிகாசலத்தின் வீட்டு மாடியில் குடியிருந்தார். அவரிடம் படித்தவர்கள் சினிமாவிலும் சீரியலிலும் விளம்பரக் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். தேவகி மட்டும் படிப்பு முடிந்ததும் காஞ்சிபுரத்துக்கே திரும்பிவிட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறாள். முந்தைய நாள் சாயங்காலம் சார் ரத்தவாந்தி எடுத்து மாடிப்படியில் சாய்ந்துவிட்டார். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. காலையிலிருந்து பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பல்களும் பழைய போட்டோக்களும் வந்து குவிந்தபடி இருந்தன. என் அப்பா போய்விட்டார் என்றே பலர் எழுதியிருந்தார்கள்.

வண்டி நின்றதும் தணிகாசலம் பந்தலுக்குள்ளிருந்து வேகமாக வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. அதன் குறுக்கே நின்றுகொண்டார்.

"உள்ள வேணாம்மா."

"அரை மணி நேரங்க. கார் நிறுத்துற எடத்துலயே வெச்சிக் குளிப்பாட்டிட்டு எடுத்துக்கினு போயிடறேன்."

"நீயே சொல்லும்மா. நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க இந்த கேட்டு வழியாதான் வரணும். குடியிருந்தவரு பொணத்த நேத்துதான் எறக்கனாங்கன்னு எவனாவது ஒருத்தன் அவங்க காதுல போட்டா போதும். ஏற்கெனவே ஒரு எடம் தட்டிப் போயிட்சி."

எதிர்வீட்டுக் கேட்டில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். பந்தல்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி பார்த்தார்கள். தேவகிக்கு அடிவயிற்றிலிருந்து குரல் கிளம்பியது. கடைசி வரிசைவரை போய்ச் சேருகிற அந்தக் குரலை அவளுக்குப் பழக்கிக் கொடுத்தவர் வண்டிக்குள் படுத்திருந்தார். உங்கள் பெண்ணை இன்டர்வியூவுக்குப் பேசப் பழக்கிவிட்டவருக்கு இதுதான் மரியாதையா என்று ஒரே ஒரு வாக்கியம், தெருவே கேட்கும்படி. அதற்குமேல் அந்த மனிதரால் அங்கே நிற்க முடியாது. அவள் வாயைத் திறந்தும்விட்டாள்.

அப்போதுதான் அவருடைய சட்டையைப் பார்த்தாள். மார்பிலிருந்து இடுப்புவரை பழுப்பாகக் காய்ந்த கறை. மாடிப்படியிலிருந்து சாரைத் தூக்கிக்கொண்டு ஓடி, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த சட்டை. வீட்டுக்கு வந்து மாற்றக்கூட இல்லாமல் பந்தல் வேலையில் இறங்கியிருக்கிறார்.

படிக்கிற காலத்தில், முதல் வருஷம் முடிந்ததும் தேவகியின் அப்பா துறை வாசலுக்கே வந்து அவளைக் கூப்பிட்டார். படித்தது போதும், வீட்டுக்கு வா என்றார். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். எல்லோர் முன்னாலும் அவரைக் கத்தித் துரத்தினாள் தேவகி. மறுநாள் வகுப்பில் சிவராஜ் சார் அவளை நடுவில் நிற்க வைத்தார். "உங்க அப்பாவா நில்லு. அவரோட முதுகு எப்படி இருக்கும்? ம், அப்படியே பேசு" என்றார். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தே வளைந்துபோன அப்பாவின் முதுகோடு அவள் பேசத் தொடங்கினாள். "லீவுக்கு வர்ற பொண்ணு கடைசி பஸ்ஸுல வந்து எறங்கறா. தெருவே நின்னு பாக்குது. எனக்குப் பயமா இருக்குதுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது" என்று தன் வாயிலிருந்தே வந்ததும் உடைந்து அழுதாள். அந்த வாரம் ஊருக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். அவர் படிக்க விட்டார். எதிரில் நிற்கிறவர் எங்கிருந்து பேசுகிறார் என்று பார்க்காமல் வாயைத் திறக்காதே என்பதைத்தான் அந்த வருஷம் முழுக்க சார் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றாள் தேவகி.

தணிகாசலத்தின் மனைவி இந்திராணி உள்ளேயிருந்து ஓடிவந்து, இஸ்திரி போட்ட வேட்டி ஒன்றைக் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள். மாடியிலிருந்து எடுத்துவந்த சாருடைய வேட்டி. வண்டி கிளம்பியபோது தணிகாசலம் கும்பிட்டார். தேவகி பதிலுக்குக் கும்பிடவில்லை.

பாலாற்றங்கரை எரிமேடைக்குப் போகிற வழியில் விமல்ராஜ் போன் செய்தான். அவளோடு படித்தவன்; இப்போது சீரியல் இயக்குநர்.

"நாங்க எல்லாரும் கிளம்பிட்டோம் தேவகி. சாயங்காலம் வரைக்கும் வெச்சிரு."

"எங்க வெச்சிக்கறது?"

"வீட்லதான்" என்று அவன் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்கள். வெயில் ஏற ஏற வண்டிக்குள் வாடை வந்தது. அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று டிரைவர் பழனி இரண்டாம் முறை சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் டிராபிக் என்று குழுவில் செய்தி வந்தது. அவள் எழுந்தாள். எரிமேடை ஊழியர் துரைக்கண்ணு கேட்டார்:

"ஆம்பளைங்க யாரும் வர்லியாம்மா?"

"நான்தான்."

குழாயடியில் வைத்து மூவருமாகக் குளிப்பாட்டினார்கள். வேட்டியைச் சுற்றினார்கள். கற்பூரத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். எரியுலையின் கதவு இறங்கியது.

வெயில் சாய்ந்த பிறகு கார்கள் வந்தன. அழுத கண்களோடு இறங்கியவர்கள் மூடிய கதவையும் தேவகியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விமல்ராஜ், ஆள் உயர ரோஜா மாலையை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தான்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

நடந்ததைச் சொன்னாள்.

"அந்த ஆள் வேணாம்னா விட்டுடுவியா? ரோட்ல நின்னு நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது? நீயெல்லாம் சார்கிட்ட படிச்சவளா?"

"அவரு சட்டை பூரா சாரோட ரத்தம், விமல்."

"அதனால?"

சார் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார் என்று யோசித்தாள். தெரியவில்லை. அந்தக் கேட்டின் முன்னால் வாயடைத்துப் போனதற்குப் புரிதல் என்று தானாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டோமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஸ்தி சூடு ஆறணும். காலைல வாங்க" என்றார் துரைக்கண்ணு.

மாலையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. விமல்ராஜ் அதை ஏந்தியபடியே நின்றான். அதன் நுனி மண்ணில் புரண்டது. ஆற்றுப்பக்கமிருந்து வந்த ஆடு ஒன்று, கூட்டத்துக்குள் நுழைந்து ரோஜாக்களை ஒவ்வொன்றாகக் கடித்து இழுத்தது. ஒருவரும் அதை விரட்டவில்லை.