தூங்கும் பட்டன்

பிசியோதெரபி அறையில் அப்போது இருந்தவர்கள்: அக்கா, அவள் கணவர், மேசையில் மல்லாந்து ஒரு காலைத் தூக்கிப் பிடித்திருந்த ஓய்வுபெற்ற லாரி டிரைவர், மூலையில் மடிக்கணினியோடு தம்பி. டிரைவரைத் தவிர யாரும் நிம்மதியாக இல்லை.

தம்பிக்கு வீட்டில் ஆந்தை என்று பெயர். படிப்பைப் பாதியில் விட்டவன். இரவெல்லாம் ஒரு கிடங்கில் காவல், பகலில் அக்காவின் இந்த அறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் தூக்கம். அதற்கென்றே அவள் ஒரு சாவி கொடுத்திருந்தாள். மிச்ச நேரத்தில் ஆப் எழுதுவான். நோயாளிகள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை அக்கா வீடியோவில் காட்டும் ஆப்பும் அவன் கைவேலைதான்.

"புது போன்ல தேடித் தேடிப் பாக்குறேன், ஆப்பே காணோம்," என்றார் டிரைவர்.

காணாமல் போகவில்லை. ஆப் ஸ்டோர்க்காரர்கள், அதை ஏற்றியிருந்த அக்காவின் கணக்கையே மூடிவிட்டார்கள். விதியை மீறியதற்காக முன்பே மூடப்பட்ட ஒருவரின் கணக்கோடு தொடர்பு என்று காரணம் சொன்னார்கள். முறையிடலாம், ஒரே ஒரு முறை.

"எவனோ செஞ்சதுக்கு நம்ம தலையில கை வைக்கிறாங்க," என்றார் அத்தான். "மாப்ள, கொஞ்சம் காரமா எழுது."

அக்கா டிரைவரின் முட்டியை அழுத்தியபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். "என்னையும் என் தம்பியையும் தவிர இந்தக் கணக்கை யாரும் தொட்டதில்ல. அவன்மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. எழுதிட்டியா?"

'நம்பிக்கை' வரை அடித்தான். அதற்கு மேல் விரல் போகவில்லை.

அந்த எவனோ அவன்தான். ஸ்டோருக்கு வெளியே பணம் வாங்கக் கூடாது என்பது விதி. தன் வினாடி வினா ஆப்பில் அப்படி வாங்கவே ஒரு பட்டன் வைத்தான். ஸ்டோரின் பரிசோதகர்கள் பார்க்கும்போது அது தூங்கும், அவர்கள் போனதும் விழிக்கும். பிடிபட்டான், கணக்கு போனது. அக்காவின் பாஸ்வேர்டுதான் கையில் இருக்கிறதே என்று, அதே ஆப்பைப் பெயர் மாற்றி அவள் கணக்கில் ஏற்றினான். பட்டனை எடுக்க மறந்தான். மறந்தான் என்பதும் பொய், விட்டுவைத்தான்.

"அக்கா, அதை எழுத வேணாம்."

"ஏன், தப்பா அடிச்சிட்டியா?"

"அந்த இன்னொரு கணக்கு என்னுது. உன் கணக்குலயும் என் ஆப்பை ஏத்தினேன்."

டிரைவர்தான் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, காலை இறக்கலாமா?"

"இறக்குங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை வாங்கினாள். அவன் அடித்ததை எல்லாம் அழித்தாள். 'என் தம்பி' என்று ஒற்றை விரலால் தொடங்கினாள்.

"உன் ஆப் பேரு என்ன?"

"பழைய பேரா, புதுப் பேரா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் அவனுக்கே உறைத்தது.

"ரெண்டையும் சொல்லு."

சொன்னான். டிரைவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"மூடிட்டாங்கன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"முந்தாநாளே தெரியும்."

"அன்னைக்கு இங்கதான தூங்கின?"

"ஆமா."

"குறட்டை வெளிய வரைக்கும் கேட்டுச்சு." அவள் தலை நிமிரவில்லை. "சாவியை வச்சிட்டுப் போ."

வைத்தான். "நான் வேணா அவங்ககிட்ட பேசிப் பாக்கவா?"

"எந்தப் பேர்ல?"

நோயாளி உள்ளே இருக்கும்போது அக்கா கதவைப் பூட்டுவதே கிடையாது. யாராவது நொண்டிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்பாள். அவன் கடைசிப் படியை இறங்குவதற்குள் கதவு சாத்தப்பட்டது. அப்புறம் பூட்டில் சாவி திரும்பியது.